கைபேசியில் அசையாத எண்: காந்த மணிகளால் புரதத்தை அறிவது எப்படி?

மல்லியப்பூச் சந்தி (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு இரண்டு மாணவிகள் காந்தத்தைக் கொண்டு நோயை அறிவதைத் தலைப்பாக எடுத்திருக்கிறார்கள். குருதியில் உள்ள குறித்த ஒரு புரதத்தின் மீது நுண்ணிய காந்த மணிகளை ஒட்டச் செய்து, பின்னர் அந்த மணிகளைக் காந்த உணரி ஒன்றினால் கணக்கிட்டால் புரதத்தின் அளவு தெரிந்துவிடும் என்று படித்திருக்கிறார்கள்.

கொரோனாக் காலத்தில் வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பதற்காக வாங்கப்பட்டு, மீதமாகிக் காலாவதியான மணிக்குழம்பில் சிறிதளவை நண்பர் ஒருவர் எங்களுக்குக் கொடுத்தார். பார்ப்பதற்குச் சாயம் கூடிய தேநீரைப் போலப் பழுப்பாக இருந்தது. குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்ததும், ஒரு நிமிடத்துக்குள் பழுப்பு முழுவதும் சுவரில் ஒரு கோடாகப் படிந்து, மீதித் தண்ணீர் தெளிந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அதன் பிறகுதான் சங்கடம். கைபேசியிலுள்ள காந்தமானியைத் திறந்து பார்த்தபோது 40 மைக்ரோடெஸ்லா அளவில் காட்டியது. அது பூமியின் புலம் என்பது தெரிந்ததே. காந்தத்தை அகற்றிவிட்டு மணிக்குழாயைக் கைபேசியின் மேலேயே வைத்தோம், எண் அசையவில்லை. பக்கத்திலிருந்த இரும்பு அலுமாரியின் கதவைத் திறந்தபோது அசைந்த எண், காந்த மணிகளுக்கு அசையாதது ஏன் என்று ஒரு மாணவி கேட்டார். சரியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த முறை மருத்துவமனைகளில் உண்மையிலேயே பயன்படுகிறதா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

சல்லடை (தலவாக்கலை)

நான் தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவன். நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சலிக்கும் அறையில் தூள் ஓடும் பாதைக்கு மேல் நாங்களும் காந்தம் பொருத்தியிருக்கிறோம். ரோலர் முதலான இயந்திரங்கள் தேய்வதால் தூளில் சேரும் இரும்புப் பொடியை அது பிடித்துக்கொள்ளும். துடைக்கும்போது பார்த்தால் கம்பளிப் பூச்சியின் மயிரைப் போலக் கறுப்பாகச் சிலிர்த்து நிற்கும். துடைத்துக் கடதாசியில் போட்ட பிறகும் அந்தப் பொடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சிறு கட்டிகளாகவே கிடக்கும். சேரின் குழாயில் காந்தத்தை எடுத்த பிறகு மணிகள் கட்டியாக நின்றனவா, கரைந்து போயினவா?

மல்லியப்பூச் சந்தி (ஹட்டன்)

கரைந்து போயின. குழாயை ஒருமுறை குலுக்கியவுடன் மறுபடியும் பழைய பழுப்புக்கே வந்துவிட்டது.

பேராதனைப் பாலம் (பேராதனை)

சல்லடை அண்ணா கேட்ட கேள்வியிலேயே சேரின் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. ஸ்டோரில் அகப்படும் பொடி, காந்தத்தை விட்டு விலகிய பிறகும் கொஞ்சம் காந்தத்தைத் தன்னிடம் வைத்திருக்கும், அதனால்தான் கட்டியாகிறது. மணிகளுக்குள் இருப்பதோ மக்னடைட்டு அல்லது அதற்கு நெருங்கிய இன்னோர் இரும்பொட்சைட்டு. அது 10 நனோமீற்றர் அளவான பளிங்குகளாகப் பொலிமர் அல்லது சிலிக்கா உறைக்குள் பதிக்கப்பட்டிருக்கும். பளிங்கு அவ்வளவு சிறிதாகும்போது, அறை வெப்பநிலையிலுள்ள வெப்ப அசைவே அதன் காந்தத் திசையை ஒரு செக்கனுக்குள் எண்ணற்ற தடவைகள் புரட்டிவிடுகிறது. ஆகையால் வெளிப்புலம் இல்லாத வேளையில் சராசரிக் காந்தத் திருப்பம், அதாவது காந்தத்தின் வலிமையையும் திசையையும் சேர்த்துச் சொல்லும் அளவு, பூச்சியமாகவே இருக்கும். இதனை மீப்பரகாந்தம் என்பார்கள். மருத்துவ மணிகளில் இதை வேண்டுமென்றே நாடுகிறார்கள். இல்லாவிட்டால் மணிகள் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும்.

எவ்வளவு புலம் கொடுத்தால் அவை ஒரே திசைக்குத் திரும்பும்? 10 நனோமீற்றர் விட்டமுள்ள மக்னடைட்டுக் கோளம் ஒன்றில் ஏறக்குறைய 20,000 இரும்பணுக்கள் உள்ளன. அதன் திருப்பத்தைக் கணித்து வெப்பச் சக்தியோடு ஒப்பிட்டால், 15 மில்லிடெஸ்லா அளவில்தான் இரண்டும் சமமாகின்றன. பூமியின் புலமோ அதில் நானூறில் ஒரு பங்கு. எனவே உங்கள் கைபேசிக்கு மேல் இருந்த மணிகள் பெரும்பாலும் காந்தமாகவே இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் தூரம். சிறு காந்தம் ஒன்றின் புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கின்படி குறைகிறது என்பதை நீங்களே வகுப்பில் கற்பிக்கிறீர்கள். முழுமையாகத் திசைப்பட்ட அதே கோளத்திலிருந்து, அதன் அச்சில் 100 நனோமீற்றர் தூரத்தில், 50 மைக்ரோடெஸ்லா புலம் கிடைக்கும். அது பூமியின் புலத்தையும் விடச் சற்று அதிகம். ஒரு மைக்ரோமீற்றருக்கு விலகினால் அதில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஒரு மில்லிமீற்றருக்கு விலகினால் அதிலும் நூறு கோடியில் ஒரு பங்கு. கைபேசியின் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் உணரிச் சில்லுக்கும் இடையிலேயே சில மில்லிமீற்றர்கள் போய்விடுகின்றன. இவ்வகை உணரிகளை உருவாக்குபவர்கள், உணரியின் மேலுள்ள காப்புப் படலத்தைச் சில பத்து நனோமீற்றர்களுக்குள் அடக்க ஏன் போராடுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். படலம் தடித்தால் சைகை போய்விடும். மெலிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி உணரியை அரித்துவிடும்.

குருதிக்கண்ணாடி (கண்டி மாவட்டம்)

சேர், மருத்துவமனையில் பயன்படுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர். காந்த மணிகளை நாங்கள் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிறோம். ஆனால் உங்கள் மாணவிகள் நினைக்கும் விதத்தில் அல்ல. பெரிய ஆய்வுகூடங்களில் தைரொயிட்டு ஓமோனையும் மாரடைப்பின்போது குருதியில் கூடும் இதயத் தசைப் புரதமான ட்ரோப்போனினையும் அளக்கும் தானியங்கி இயந்திரங்கள் பலவற்றில் மணிகள் சுமைகாவும் வேலையை மட்டுமே செய்கின்றன. தேவையான பொருளைப் பிடித்துக்கொண்ட மணிகளைக் காந்தம் ஓரிடத்தில் நிறுத்திவைக்க, மற்ற அனைத்தும் கழுவி அகற்றப்படுகின்றன. அதன் பிறகு அளவைச் சொல்வது ஒளி. காந்தம் எதையும் வாசிப்பதில்லை. மாணவிகள் படித்த முறையில் காந்தமே அடையாளமாகவும் இருந்து வாசிக்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைக் கண்காட்சிப் பலகையில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. புரதத்தைத் தேடிப் பிடிப்பது காந்தம் அன்று; குறித்த ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதமான பிறபொருளெதிரிதான். உணரியின் மேற்பரப்பில் ஒருவகைப் பிறபொருளெதிரியை ஒட்டிவைத்து அதன் மேல் நோயாளியின் சீரத்தை விட்டால், தேடும் புரதம் அங்கே பிடிபடும். பின்னர் அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பிடிக்கும் இரண்டாவது பிறபொருளெதிரியை விடுகிறோம். அதன் வாலில் பயோட்டின் என்னும் விற்றமின் கட்டப்பட்டிருக்கும். மணியின் மேல் ஸ்ட்ரெப்ட்டாவிடின் என்னும் பற்றீரியப் புரதம் பூசப்பட்டிருக்கும். இவை இரண்டும் சந்தித்தால் இலகுவில் பிரியா. உயிரியலில் பங்கீட்டுப் பிணைப்பு இல்லாமலேயே அமையும் பிணைப்புகளுள் இதுவே மிக உறுதியானவற்றில் ஒன்று. நடுவில் புரதம் இல்லையென்றால் மணிக்கு ஒட்டுவதற்கு இடம் இருக்கக் கூடாது.

"இருக்கக் கூடாது" என்று எழுதுவது எளிது. மணிகள் வெறும் மேற்பரப்பிலும் ஒட்டும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், எலைசா என்னும் பிறபொருளெதிரிப் பரிசோதனைக்கான தட்டில் வெற்றிடங்களை மூடுவதற்குக் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து ஊற்றும் பழக்கம் எங்களிடம் இருந்தது. பயோட்டின் முறைக்கும் அதையே செய்து ஒரு நாள் முழுவதையும் வீணாக்கினேன், ஏனென்றால் பாலிலேயே பயோட்டின் இருக்கிறது. ஸ்ட்ரெப்ட்டாவிடின் எல்லாம் பாலைப் பிடித்துக்கொண்டு, பிறபொருளெதிரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டது.

இதே கோளாறு நோயாளிகளிடத்திலும் நேர்கிறது. முடி வளர்வதற்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் பயோட்டின் மிக அதிகமாக இருக்கும். அவற்றை உட்கொள்பவரின் குருதியில், மேலே சொன்ன இரட்டைப் பிடி முறையால் ட்ரோப்போனினை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். மாரடைப்பு வந்தவருக்கு "ஒன்றுமில்லை" என்று முடிவு வருவதைவிட ஆபத்து வேறு என்ன? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. உணரி எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் இந்தத் தவறை அதனால் திருத்த முடியாது. மணி வந்து ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லை என்றுதான் அது சொல்லும்.

பழைய பேரட்டு (மஸ்கெலியா)

நான் தோட்ட டிஸ்பென்சரிகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூலக்கூறு, நனோமீற்றர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆயினும் ஒன்று கேட்கிறேன். மழைக்காலத்தில் கான் வெட்டும் வேலைக்குப் போனவர் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் கண் சிவந்தும் வந்தால், அது எலிக்காய்ச்சலா, டெங்குவா, சாதாரணக் காய்ச்சலா என்பதை இந்த மணிகளால் லயத்து வாசலிலேயே சொல்ல முடியுமா? பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த மைத்துனரின் குருதி மாதிரியை ஒரு மருத்துவமனையில் எடுத்தார்கள். முடிவு வரும்போது அவர் குணமாகிக் கொழுந்து மடுவத்தில் நிறுவையில் நின்றுகொண்டிருந்தார். குணமானது அதிர்ஷ்டம். முடிவுக்குக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

குருதிக்கண்ணாடி (கண்டி மாவட்டம்)

ஐயா, அதனால்தான் எலிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தவுடனேயே, முடிவுக்குக் காத்திராமல் வைத்தியர்கள் நுண்ணுயிர்கொல்லியைத் தொடங்குகிறார்கள். அடிப்படையான பரிசோதனைக்கு எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராக்களை உயிரோடு வளர்த்து வைத்திருக்க வேண்டும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில்தான் அது இயலும். அது தேடுவதும் பிறபொருளெதிரிகளையே. அவை உருவாகக் காய்ச்சல் தொடங்கிய பின் ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். முதல் வாரத்தில் குருதியில் இருப்பது கிருமிதான், அதுவும் சிறிதளவு. சிறிதளவைப் பிடிக்கக்கூடிய எந்த முறைக்கும் அங்கேதான் வேலை இருக்கிறது. காந்த முறை அதற்குத் தகுதியானதா என்பதைப் பேராதனைத் தம்பி சொல்லட்டும். லயத்து வாசலுக்கு வந்துவிட்டதா என்று கேட்டால், நம் ஊருக்கு இன்னும் வரவில்லை.

மல்லியப்பூச் சந்தி (ஹட்டன்)

மாணவிகளிடமிருந்து இன்னொரு கேள்வி. குருதியிலேயே நிறைய இரும்பு இருக்கிறதே, அது உணரியைக் குழப்பாதா?

பேராதனைப் பாலம் (பேராதனை)

அவர்களுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் சேர், இந்த முறையின் உயிர்நாடியையே தொட்டுவிட்டார்கள். ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் நான்கு இரும்பணுக்களே உண்டு. அவையும் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே திசையில் நிற்பதில்லை. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினைக் காந்தம் மிக மெல்லத் தள்ளுகிறது. ஒட்சிசன் இழந்ததை மிக மெல்ல இழுக்கிறது. இதனை லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியெல்லும் 1936இலேயே அளந்து காட்டினார்கள். மணிக்குள் இருக்கும் ஒவ்வொரு பளிங்கிலும் உள்ள 20,000 இரும்பணுக்களோ ஒரே உடலாக இயங்குகின்றன. அவற்றின் அருகே குருதியின் இரும்பு பேச்சுக்கே இல்லை.

ஒளியால் வாசிக்கும் முறைகளுக்குக் குருதியின் சிவப்பும் சீரத்தின் மஞ்சளும் கலங்கிய மாதிரியும் இடைஞ்சல் தரும். சில பொருட்கள் தாமாகவே ஒளிரவும் செய்யும். காந்தத்தின் கண்ணுக்கு உடல் திரவங்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத வெளி. 2009இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் வாங்கின் குழுவினர் ஒரே புரதத்தைச் சீரம், சிறுநீர், உமிழ்நீர் எனப் பல திரவங்களில் அளந்து, உணரியின் சைகை திரவத்துக்குத் திரவம் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டினார்கள். ஆனால் குருதிக்கண்ணாடி மிஸ் சொன்னதை மறக்க வேண்டாம்: திரவம் உணரியைக் குழப்பாவிட்டாலும் பிறபொருளெதிரியைக் குழப்பலாம்.

உணரியின் கதை சுவையானது. இரும்பும் குரோமியமும் சில அணுக்கள் தடிப்பில் அடுக்கடுக்காக வைக்கப்பட்டால், காந்தப்புலத்தில் அவற்றின் மின்தடை எதிர்பாராத அளவுக்கு மாறுவதை 1988இல் பிரான்சில் அல்பர்ட் ஃபேர்ட்டும் ஜேர்மனியில் பீற்றர் குரூன்பேர்க்கும் தனித்தனியே கண்டார்கள்; 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இதைத்தான் இராட்சதக் காந்தத்தடை என்கிறோம். 1997இல் அது கணினி வன்தட்டை வாசிக்கும் தலையாகச் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தினர், தட்டிலுள்ள காந்தப் பொட்டுகளை வாசிக்கும் இந்த விளைவை மணிகளை எண்ணுவதற்குத் திருப்பினார்கள். உயிரியல் ஆயுதங்களைக் கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். அவர்கள் பயன்படுத்திய மணியின் விட்டம் 2.8 மைக்ரோமீற்றர்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. மணிகளைத் திசைப்படுத்தப் பெரிய புலம் வேண்டும்; அந்தப் புலமே உணரியை நிரப்பிவிட்டால் மணியின் மெல்லிய குரல் கேட்காது. எனவே பெரிய புலத்தை உணரியின் தளத்துக்குச் செங்குத்தாகக் கொடுக்கிறார்கள். படல உணரி அந்தத் திசையில் ஏறத்தாழச் செவிடு. மணியிலிருந்து வளைந்து வரும் புலத்துக்குத் தளத்தின் வழியான கூறும் உண்டு. அதை மட்டும் உணரி கேட்கும். பலர் ஆடல் புலத்தை, அதாவது திசை மாறி மாறி வரும் புலத்தைக் கொடுத்து, குறித்த ஒரு மீடிறனில் மட்டும் சைகையைத் தேடி, தாழ்ந்த மீடிறன்களில் மலிந்து கிடக்கும் இரைச்சலைத் தவிர்க்கிறார்கள்.

பழைய பேரட்டு ஐயாவுக்கு: சில நூறு உரூபாய் விலையுள்ள உணரியால் லயத்து வாசலிலேயே காய்ச்சலை இனங்காண முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உணரிச் சில்லை மலிவாகச் செய்துவிடலாம். வன்தட்டுத் தொழிற்சாலைகள் அதை எப்போதோ காட்டிவிட்டன. விலையும் சிரமமும் அதன் மேல் பூசும் பிறபொருளெதிரியிலும், குளிரூட்டி இல்லாத இடத்தில் அதைக் கெடாமல் வைத்திருப்பதிலும்தான் இருக்கின்றன.

பற்றாசு (பதுளை)

நான் கைபேசி திருத்துபவன். சேருக்கு நடைமுறை யோசனை ஒன்று. சந்தையில் கிடைக்கும், காந்தப்புலத்தை மின்னழுத்தமாக மாற்றும் ஹோல் உணரி ஒரு மில்லிடெஸ்லாவுக்கு ஏறத்தாழ 14 மில்லிவோல்ட்டுதான் தரும். அதன் பிளாஸ்டிக் உறையின் தடிப்பையும் சேர்த்தால் மணிகளை மறந்துவிடலாம். மணிகளின் புலத்தைத் தேடுவதற்குப் பதிலாக, குழாயையே கம்பிச் சுருளுக்குள் விடுங்கள். மெல்லிய எனாமல் செப்புக் கம்பியை அந்தச் சிறு குழாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றி, கொள்ளளவி ஒன்றோடு இணைத்து அலைவுச் சுற்றாக்கினால், உள்ளே மக்னடைட்டு வந்ததும் சுருளின் தூண்டுதிறன் கூடி மீடிறன் சற்றுக் குறையும். உலோகங்கண்டறி கருவியும் ஏறக்குறைய இப்படித்தான்.

பேராதனைப் பாலம் (பேராதனை)

அருமையான யோசனை. இது விளையாட்டு முறையும் அன்று. மணிகளின் ஊடுபுகவிடுதிறனை, அதாவது காந்தப்புலத்துக்கு அவை எவ்வளவு இசைந்துகொடுக்கின்றன என்பதைச் சுருளால் அளக்கும் நோயறி கருவிகள் உண்மையிலேயே உண்டு. ஒரேயொரு மணியைக் காணாது. குழாயிலுள்ள மொத்தத்தை மட்டும் சொல்லும். சேர், தயவுசெய்து மாணவர்களின் குருதியை இதற்கு எடுக்க வேண்டாம். வெவ்வேறு செறிவில் மணிக்குழம்பை மட்டும் அளந்தால் போதும்.

மல்லியப்பூச் சந்தி (ஹட்டன்)

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். பற்றாசு தம்பி சொன்னபடியே மாணவிகள் சுருளைச் சுற்றினார்கள். முதல் சுருள் குழாயைவிட அகலமாகிவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதை ஒரு பேனாக் குழாயின் மேல் சுற்றினார்கள். செறிந்த குழம்பை உள்ளே விட்டபோது மீடிறன் இறங்கியது. வெறும் தண்ணீருக்கு இறங்கவில்லை. காந்தத்தால் மணிகளைச் சுவரில் நிறுத்தி, தெளிந்த நீரை மட்டும் மெதுவாக உறிஞ்சி எடுத்து அளந்தபோதும் இறங்கவில்லை. கழுவுதல் என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் புதுத் தொல்லை ஒன்று தோன்றியிருக்கிறது. காலையில் மூட்டம் இறங்கிக் குளிராக இருக்கும்போது எடுத்த வாசிப்பும் நண்பகல் வெயிலில் எடுத்த வாசிப்பும், குழாயே இல்லாமல்கூட, ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. ஐதாக்கிய குழம்பு தரும் மாற்றத்தைவிட அந்த வேறுபாடு பெரிது.

பற்றாசு (பதுளை)

மலிவான வட்டச் செரமிக் கொள்ளளவியைப் போட்டிருப்பீர்கள். சூடு ஏறினால் அதன் பெறுமானம் ஓடும். பொலிஸ்டைரீன் வகையைப் போடுங்கள். பழைய வானொலியில் கிடைக்கும். இல்லையென்றால் என் கடையில் இருக்கிறது.

பேராதனைப் பாலம் (பேராதனை)

அதோடு அதே அளவில் இன்னொரு சுருளைச் சுற்றி, அதற்குள் தண்ணீர்க் குழாயை வைத்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். மணி ஒட்டாத உணரி ஒன்றை ஒவ்வொரு சில்லிலும் ஒப்பீட்டுக்காக விட்டுவைப்பதும் இதே காரணத்தினால்தான்.

குருதிக்கண்ணாடி (கண்டி மாவட்டம்)

சேர், இரண்டு குழாய்களின் மேலும் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஐதாக்கிய குழம்பும் தண்ணீரும் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். கண்காட்சி நெரிசலில் மாறிப் போனால் யாருக்கும் தெரியாது. மூடியில் எழுத வேண்டாம், மூடிகள்தான் முதலில் மாறுகின்றன. குழாயின் உடம்பில் எழுதட்டும்.

மல்லியப்பூச் சந்தி (ஹட்டன்)

மிக்க நன்றி மிஸ். மூடியில்தான் எழுதியிருந்தார்கள், இன்றே மாற்றச் சொல்கிறேன். இரண்டாவது சுருளுக்குக் கம்பி போதவில்லை. தம்பி, சனிக்கிழமை பதுளைக்கு வருகிறேன், கடை திறந்திருக்குமா?

பற்றாசு (பதுளை)

திறந்திருக்கும் சேர். பகல் புகையிரதத்தில் வந்தால் சாப்பாட்டு நேரத்தில் பூட்டியிருப்பேன், காலையில் வாருங்கள்.